போதுமான இடத்தில் நிறுத்துதல்: கொல்கத்தாவும் மித வாழ்வும்

வேண்டியதை ஏற்று, போதுமான இடத்தில் நிறுத்திக்கொள்ளும் பழக்கமே மிதம். உண்பது, குடிப்பது, செலவிடுவது, பேசுவது, உழைப்பது, கொண்டாடுவது என்று அன்றாட வாழ்வின் எல்லாப் பக்கங்களையும் அது தொடுகிறது. ஒரு பொருளை அடியோடு துறந்தவர் அதைப் பற்றி ஒருமுறைதான் முடிவெடுக்கிறார். மிதமாக வாழ்பவரோ சாப்பாட்டுக்கு உட்காரும் ஒவ்வொரு வேளையும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. துறவைவிட மிதம் எளிது என்ற பொதுவான எண்ணம் அதனால் சரியாகாது.

பழைய சிந்தனை மரபுகள் பலவும் இதைப் பேசியிருக்கின்றன. மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும், ஓயாது உறங்குபவனுக்கும் உறக்கத்தை விட்டவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம். அரண்மனை இன்பத்தையும் உடலை வருத்தும் கடுந்தவத்தையும் இரண்டையுமே பட்டறிந்த புத்தர் நடுவழியைப் போதித்தார். திருக்குறள் ‘மருந்து’ என்ற அதிகாரத்தில் மூலிகைகளின் பட்டியலைத் தராமல், முன்பு உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதைப் பற்றியே பெரிதும் பேசுகிறது. அரிஸ்டாட்டில் நற்பண்பை மிகைக்கும் குறைக்கும் நடுவில் வைத்தார். அந்த நடு எல்லோருக்கும் ஒன்றாக இராது என்பதையும், மல்லனின் உணவளவு பயிற்சியைத் தொடங்கும் இளைஞனுக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொன்னார். கொலை, திருட்டு போன்றவற்றில் நடு என்று ஒன்று கிடையாது என்றும் எச்சரித்தார். இந்த இரண்டு எச்சரிக்கைகளையும் மறந்துவிட்டுப் பேசப்படும் மிதம் வெறும் உபதேசமாகிவிடுகிறது.

இந்தக் கேள்வியை ஒரு நகரத்தின் வாழ்க்கைக்குள் வைத்துப் பார்க்க கொல்கத்தா பொருத்தமான இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுப்பணமும் ஆங்கிலக் கல்வியும் ஐரோப்பிய மதுவும் இந்த நகரத்துக்குள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நுழைந்தன. எது அளவு, எது மிகை என்ற விவாதம் பள்ளி, அச்சகம், நாடக மேடை, சபை என்று எங்கும் நடந்தது. அதற்குத் தத்துவ வடிவம் கொடுத்தவர்களில் பங்கிம் சந்திரர் முதன்மையானவர். துணை மாஜிஸ்திரேட்டாக அரசுப் பணியில் இருந்தபடியே எழுதிய அவர், 1888இல் நூலாக வந்த ‘தர்மதத்துவ’த்தில், உடலின் ஆற்றல்கள், அறிவைத் தேடும் ஆற்றல்கள், செயலுக்கான ஆற்றல்கள், அழகை உணரும் ஆற்றல்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று இசைவாக வளர்ப்பதே அறம் என்று வாதிட்டார். அவர் பார்வையில் காமத்தையும் கோபத்தையும்கூட வேரோடு பிடுங்க வேண்டியதில்லை. மற்ற ஆற்றல்களை அமுக்கிவிடாத அளவுக்குள் அவை இருந்தால் போதும். குருவும் சீடனும் பேசுவதுபோல் அமைந்த அந்த நூல் இன்று அதிகம் படிக்கப்படுவதில்லை. ஆனால் மிதம் என்பதை வாழ்வைச் சுருக்கும் கட்டுப்பாடாகப் பார்க்காமல், வாழ்வை முழுமையாக்கும் ஒழுங்காகப் பார்த்தது அதன் பெரிய பங்களிப்பு.

மிதத்தின் முதல் களம் உணவு. வங்காள வீட்டுச் சாப்பாடு வரிசை முறை கொண்டது. வேப்பிலையோ பாகற்காயோ சேர்ந்த கசப்பு முதலில் வரும், பிறகு பருப்பு, காய்கறி, மீன், அதன்பின் புளிப்பும் இனிப்புமான சட்னி, கடைசியில் இனிப்பு. ஒவ்வொரு சுவைக்கும் அதற்குரிய முறை வரும்வரை காத்திருப்பதால் எதுவும் தட்டை நிறைத்துவிடுவதில்லை. மீன் துண்டுகள் ஆளுக்கு இத்தனை என்று எண்ணிப் பொரிக்கப்படும். வாழையிலையில் எல்லாவற்றையும் ஒருசேரப் பரிமாறிப் பழகிய தமிழருக்கு, லேக் மார்க்கெட் வட்டாரத்தில் பல தலைமுறைகளாக வாழ்பவர்களுக்கும்கூட, இந்த வரிசை அக்கம்பக்கத்து விருந்துகளில்தான் கண்ணில் படும். உண்பவரின் மனவுறுதியை நம்பாமல் பரிமாறும் முறையிலேயே அளவை வைத்துவிட்ட ஏற்பாடு இது.

அதே நகரத்தில்தான் தெருவுக்குத் தெரு இனிப்புக் கடைகளும், மாலையானால் எண்ணெயில் பொரியும் தேலேபாஜா கடைகளும் இருக்கின்றன. பாக்பஜாரில் 1868இல் நவீன் சந்திர தாஸ் ரசகுல்லாவைப் புகழ்பெறச் செய்தார். செரிமானக் கோளாறு பற்றிய கவலையும் கூடவே வளர்ந்தது. எண்ணெய்ப் பலகாரங்களையும் கடை இனிப்புகளையும் விவேகானந்தர் தம் ‘கிழக்கும் மேற்கும்’ என்ற நூலில் கடுமையாகச் சாடினார். பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தின் ஓமத் திரவம் பல தலைமுறைகளாக வங்காள வீட்டு அலமாரியில் இடம் பிடித்திருக்கிறது.

அந்த நிறுவனத்தைத் தொடங்கிய வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய்தான் இந்த நகரத்தில் அளவோடு உண்டு வாழ்ந்தவருக்குச் சிறந்த சான்று. ஹேர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது 1874இல் கடும் சீதபேதி கண்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பள்ளிப் படிப்பை விட நேர்ந்தது. அதன் விளைவான வயிற்றுக் கோளாறு வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. உணவு, உறக்கம், உலாவுதல், வேலை எல்லாவற்றையும் நேரத்துக்கும் அளவுக்கும் உட்படுத்திக்கொண்டு அவர் 82 வயதுவரை வாழ்ந்தார். நோய் தந்த ஒழுங்கு தமக்கு நன்மையாகவே முடிந்தது என்ற எண்ணம் 1932இல் வெளியான தன்வரலாற்றில் தெரிகிறது. அறுபது வயதுக்குப் பிறகு பல்கலைக்கழகச் சம்பளத்தைத் தமக்கென எடுத்துக்கொள்ளாமல் ஆய்வுக்கே திருப்பிக் கொடுத்தார். அறிவியல் கல்லூரியின் ஓர் அறையில் எளிய கட்டிலோடு வாழ்ந்து, அங்கேயே 1944இல் இறந்தார். வலுவிழந்த உடலோடு ஆலை நடத்தி, வெள்ள நிவாரணம் திரட்டி, மாணவர் பரம்பரையை உருவாக்கிய அந்த உழைப்பின் பெருக்கத்தைக் கணக்கில் கொள்ளாமல் அவருடைய சிக்கனத்தை மட்டும் புகழ்வது அவரைப் பாதியாகக் காண்பதாகும். ஓரிடத்தில் அளவு காத்ததால் மிஞ்சிய ஆற்றலை இன்னோரிடத்தில் தாராளமாகச் செலவிட்டார்.

இன்றைய மருத்துவம் இந்த அளவை எண்களாகத் தருகிறது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் குறைவாக உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை என்பவை உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகள். 2,000 கலோரி உண்பவருக்கு அந்தச் சர்க்கரை 50 கிராம். இவை எல்லைக் கோடுகள் மட்டுமே. நீரிழிவு உள்ளவருக்கும், வெயிலில் மூட்டை தூக்கும் படாபஜார் தொழிலாளிக்கும் அளவு வேறுவேறு.

தனி உடலைத் தாண்டி நதியையும் கடலையும் கணக்கில் கொண்ட உணவு மிதம் ஒன்றும் வங்காளத்தில் உண்டு. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த பல குடும்பங்கள், ஐப்பசியை ஒட்டி வரும் லட்சுமி பூஜைக்குப் பிறகு இலிஷ் எனப்படும் ஹில்சா மீனை வாங்குவதில்லை. தை, மாசி வாக்கில் வரும் சரஸ்வதி பூஜையன்று மீண்டும் சமைப்பார்கள். அந்த லட்சுமி பூஜை நாளின் முழுநிலவை ஒட்டியே இலிஷ் பெருமளவில் ஆற்றில் ஏறி முட்டையிடுகிறது. அடுத்த மாதங்களில் குஞ்சுகள் ஆற்றில் வளர்ந்து கடலுக்குத் திரும்ப வேண்டும். ருசியின் உச்சத்தில் இருக்கும் மீனைக் காலண்டரைப் பார்த்து நிறுத்திக்கொண்ட இந்த வழக்கத்துக்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவைப்படவில்லை. அது தளர்ந்த பிறகு அரசு சட்டத்தால் அதே இடைவெளியை உண்டாக்க முயல்கிறது. மேற்கு வங்க அரசு 2013இல் 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த இலிஷைப் பிடிக்கவும் விற்கவும் தடை விதித்தது. செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 24 வரை முட்டையிடும் ஆற்றுப் பகுதிகளில் பிடிக்கவும் தடை. ஆனாலும் ‘கோகா இலிஷ்’ என்ற பெயரில் குஞ்சு மீன்கள் நகரச் சந்தைகளில் கிடைக்கவே செய்கின்றன. வாங்குபவரின் வீட்டில் வழக்கம் இருந்தபோது சந்தையில் காவல் தேவைப்படவில்லை. வழக்கம் போன பிறகு காவல் போதவில்லை. மிதத்தைக் காப்பதில் பழக்கத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

மதுவின் கதை சிக்கலானது; மிதம் எங்கே தோற்கும் என்பதையும் அது காட்டுகிறது. இந்துக் கல்லூரி மாணவர்களிடையே குடிப்பது பழைய கட்டுகளை உடைத்ததன் அடையாளமாக இருந்தது. ராம்மோகன் ராய் அளவாகவே மது அருந்துவார் என்றும், அளவுக்கு மேல் ஊற்றிக் கொடுத்த சீடரின் முகத்தில் ஆறு மாதம் விழிக்கவில்லை என்றும் சொல்வார்கள். அவரைப் பின்பற்றிய நந்தகிஷோர் பாசு, தம் மகன் ராஜ்நாராயண் நண்பர்களோடு குடிக்கிறான் என்று அறிந்ததும் அடிக்கவோ தடுக்கவோ இல்லை. இனிக் குடிப்பதானால் மாலையில் தம்மோடு உட்கார்ந்து, தாம் தரும் அளவே குடிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அக்காலத்துக்கு அது அசாதாரணமான நம்பிக்கை. அது பலிக்கவில்லை. ராஜ்நாராயண் வெளியிலும் குடித்தார், கடும் நோய் கண்டார், 1844இல் கல்லூரியை விட்டார். பிற்காலத்தில் மேதினிப்பூரில் தலைமையாசிரியராக இருந்தபோது மதுவை ஒழிக்கும் சபையை அவரே நிறுவினார். அளவாகக் குடிக்கும் வீட்டுப் பாடத்தைப் பெற்ற மகன் அறவே குடிக்காமல் இருப்பதைப் பிரசாரம் செய்யும் நிலைக்கு வந்ததை மிதத்தின் தோல்வி என்று மட்டும் கொள்ள முடியாது. தம்மால் காக்க முடியாத அளவு எது என்று அறிந்துகொள்வதும் அளவறிதலின் ஒரு பகுதிதான்.

கொல்கத்தாவில் இதை இயக்கமாக்கியவர் பியாரி சரண் சர்க்கார். தலைமுறை தலைமுறையாக வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்ற முதல் பாடநூலை எழுதிய ஆசிரியர் அவர். 1863இல் வங்காள மதுவிலக்குச் சங்கத்தைத் தொடங்கி, மாணவர்களையே முதலில் திரட்டினார். 1866இல் வெளியான தீனபந்து மித்திரரின் ‘சதவார் ஏகாதசி’ நாடகம், படித்த குடிகாரனின் சீரழிவை மேடைக்குக் கொண்டுவந்தது. பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் 1870இல் இங்கிலாந்து சென்றபோது, கலால் வருவாய்க்காக இந்தியாவில் மதுவைப் பரப்புவதாக ஆட்சியாளர்களின் மண்ணிலேயே குற்றம் சாட்டினார். திரும்பி வந்து நிறுவிய சீர்திருத்தச் சங்கத்தில் மதுவிலக்குக்கென ஒரு பிரிவு வைத்தார். ‘மத் நா கரள்’, அதாவது மதுவா நஞ்சா, என்ற இதழும் வந்தது. தனிமனிதரின் அளவை அரசின் வருவாய்க் கொள்கை குலைக்கிறது என்ற அவருடைய வாதம் இன்றைக்கும், தமிழ்நாட்டுக்கும், பொருந்துவது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. அரிஸ்டாட்டில் நடு இல்லாதவை என்று சொன்ன பட்டியலில் மதுவையும் சேர்க்கலாமா என்ற பழைய விவாதத்தில் மருத்துவத்தின் எடை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

பணத்தில் மிகைக்குக் கொல்கத்தாவின் ‘பாபு’க்கள் எனப்பட்ட செல்வந்தர்களின் காலம் பெயர்போனது. பூஜை, நாட்டியம், புறாப் பந்தயம் என்று ஒருவரை ஒருவர் மிஞ்சச் செலவிட்டுச் சொத்தைக் கரைத்தவர்களை, காளிபிரசன்ன சிங்கரின் ‘ஹுதோம்’ சித்திரங்கள் 1862இல் நையாண்டி செய்தன. ஆனால் செலவின் அளவைப் பற்றி ஆழமாகச் சிந்திக்கவைப்பவர்கள் வேறு இருவர். கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத் சட்டம் படிக்க ஐரோப்பா சென்று, வெர்சேலில் மனைவி மக்களோடு கடனில் மூழ்கி, 1864இல் ஈஸ்வர சந்திர வித்யாசாகருக்கு உதவி கேட்டு எழுதினார். முரட்டு வேட்டி, மேல்துண்டு, சாதாரணச் செருப்பு ஆகியவற்றைத் தவிர வேறெதையும் தமக்கென நாடாத வித்யாசாகர், தாமே கடன் வாங்கி அவருக்குப் பணம் அனுப்பினார். நாடு திரும்பிய பின்னும் மதுசூதனின் கைக்கு அளவு வசப்படவில்லை. 1873இல் அலிப்பூர் மருத்துவமனையில் வறுமையில் இறந்தார். வித்யாசாகரும் கடன்பட்டவரே, 1856ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு விதவைத் திருமணங்களைத் தம் செலவில் நடத்திவைத்ததால் நேர்ந்த கடன் அது. இருவரும் வரவுக்கு மீறிச் செலவிட்டவர்கள். இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது. தமக்கென எடுத்துக்கொள்வதில் கடைப்பிடிக்க வேண்டிய அளவு, பிறருக்குக் கொடுப்பதற்கு அப்படியே பொருந்துவதில்லை. வித்யாசாகரின் எளிமைக்கு மதிப்புத் தந்ததே, அந்த எளிமையால் அவர் கொடுக்க முடிந்தது என்பதுதான்.

சேமிப்பிலும் மிகை உண்டு. 1975இல் தொடங்கிய சஞ்சயிதா என்ற கொல்கத்தா முதலீட்டு நிறுவனம், பத்திரத்தில் 12 சதவீதம் என்று எழுதி, மறைவில் 48 சதவீதம் வரை வட்டி கொடுத்தது. 1980 இறுதியில் காவல்துறை நடவடிக்கையோடு சரிந்தது. 2013 ஏப்ரலில் சாரதா குழுமம் வீழ்ந்தபோது மாநிலமெங்கும் சிறு சேமிப்பாளர்கள் பணத்தை இழந்தார்கள். அப்படி இழந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எளிதாகப் பழிக்கிறார்கள். வீட்டு வாசலுக்கே வந்து வாரம் சில ரூபாய் வாங்கிய முகவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். அவரை நம்பியது மிகையான செயலாகாது. இயல்புக்கு மீறிய வட்டி வாக்குறுதியைக் கண்டதும் எச்சரிக்கையாக வேண்டிய கடமை முதலில் கண்காணிப்பவர்களுக்கே இருந்தது.

காலத்தைச் செலவிடுவதில் கொல்கத்தாவுக்குத் தனி வழி உண்டு. ‘அட்டா’ என்னும் குறிக்கோளற்ற கூடிப் பேசுதல், வீட்டுத் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும், 1942இல் ஆல்பர்ட் ஹாலில் தொடங்கிய கல்லூரித் தெரு காபி ஹவுஸிலும் மணிக்கணக்கில் நடக்கும். வங்காளியின் சோம்பலுக்கு இதையே காரணம் காட்டுவோர் உண்டு. புத்ததேவ பாசு போன்றோர் அதன் பெருமையை எழுதியிருக்கிறார்கள். மிதத்தின் கண்கொண்டு பார்த்தால் அட்டாவைக் குறை சொல்ல அதிகமில்லை. ஓய்வும் பேச்சும் இல்லாத உழைப்பும் ஒரு மிகைதான். அட்டா எப்போதும் மனிதர்களோடு நடப்பது. ஒருவர் எழுந்தால் மற்றவரும் எழுவார், கடை மூடும் நேரம் வரும், கடைசி டிராம் போய்விடும். கைபேசித் திரைக்கு அப்படிப்பட்ட முடிவு எதுவும் கிடையாது. நிறுத்தும் இடத்தைப் பார்ப்பவரே உண்டாக்க வேண்டும். படுக்கையறைக்கு வெளியே கைபேசியை வைப்பது, சாப்பாட்டு நேரத்தில் எடுக்காமல் இருப்பது போன்ற எளிய ஏற்பாடுகள் மனவுறுதியைவிட நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் இதுவே.

கொண்டாட்டத்தில் அளவு தனிமனிதர் கையில் இல்லை. ஒரு பந்தலின் ஒலிபெருக்கியை அடுத்த பந்தலின் ஒலிபெருக்கி முந்தப் பார்க்கும். நடுவில் இருக்கும் நோயாளிக்கும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் குரல் கிடையாது. 1996இல் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பகவதி பிரசாத் பானர்ஜி ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்திப் பிறப்பித்த ஆணை, விருப்பமில்லாதவர் காதில் ஒலியைத் திணிக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்ற கொள்கையை நிலைநாட்டியது. நாடு முழுமைக்குமான ஒலி மாசு விதிகள் 2000இல் வந்து, குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரையறுத்தன. பட்டாசுக்கு நாட்டின் வரம்பு 125 டெசிபலாக இருந்தபோதும் மேற்கு வங்கம் நெடுங்காலம் 90 டெசிபலையே காத்துவந்தது. 2023 அக்டோபரில் அந்த மாநிலமும் 125க்கு உயர்த்திக்கொண்டது. பல ஆண்டுகள் பாடுபட்டு மக்களின் காதுக்குப் பழக்கிய ஓர் அளவை ஓர் அறிவிப்பில் விட்டுக்கொடுத்தது பெரும் இழப்பு.

மிதத்தை யார் யாரிடம் கேட்கலாம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. வங்காள உயர்சாதி விதவைகளுக்கு மீன், வெங்காயம், பூண்டு, மைசூர்ப் பருப்பு எல்லாம் விலக்கப்பட்டன. ஏகாதசியன்று தண்ணீர்கூட மறுக்கப்பட்டது. சிறுமியாக விதவையானவர்களும் இதற்குத் தப்பவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லாதவரிடம் மிதம் என்ற பண்பைத் தேடுவதற்கில்லை. அங்கே இருந்தது கொடுமை. சோற்றையும் காய்களையும் மட்டும் கொண்டு அந்தப் பெண்கள் உருவாக்கிய சைவச் சமையல் நுட்பங்களை வங்காளம் இன்று பெருமையோடு பரிமாறுகிறது. அந்தப் பெருமை, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டதை மறைக்கத் திரையாகிவிடக் கூடாது.

1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் கிராமங்களிலிருந்து கொல்கத்தாத் தெருக்களுக்கு வந்தவர்கள் சோறு கேட்கவில்லை, வடித்த கஞ்சியைக் கேட்டார்கள். ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்தவர்களுக்கு அரிசி ஒதுக்கப்பட்டிருந்த நகரத்தின் நடைபாதையில் அவர்கள் இறந்தார்கள். விசாரணைக் குழு இறப்புகளை 15 லட்சம் என்று மதிப்பிட்டது. பிந்தைய ஆய்வாளர்கள் பலர் 30 லட்சத்தை ஒட்டிச் சொல்கிறார்கள். உணவு மொத்தமாக இல்லாமல் போனதைவிட, வாங்கும் சக்தி போனதே அந்தச் சாவுகளுக்குக் காரணம் என்று அமர்த்திய சென் 1981இல் வெளியான தம் நூலில் விளக்கினார். பசித்தவருக்கு முன்னால் மிதம் என்ற சொல்லுக்கு இடமே இல்லை.

இந்த நினைவு ஆறாத மாநிலத்தில் உணவுத் தட்டுப்பாடும் விலையேற்றமும் மீண்டும் நெருக்கிய 1965இல், முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென்னின் அரசு பாலைச் சேமிப்பதற்காகச் சேனா என்னும் பாற்கட்டியில் செய்யும் இனிப்புகளுக்குத் தடையாணை பிறப்பித்தது. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் பால் கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தில் நியாயம் இருந்தது. காந்தியவாதியான சென் எளிமையாக வாழ்ந்தவர். தம் வாழ்வில் காட்டாததை அவர் பிறரிடம் கேட்கவில்லை. ஆனால் சந்தேஷும் ரசகுல்லாவும் செய்து பிழைத்தவர்களின் அடுப்பு அணைந்தது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற மக்களிடம் வாழைக்காய் உண்ணுங்கள் என்று அவர் சொன்ன யோசனை, பதுக்கலை ஒடுக்க முடியாத அரசு மக்களின் வாயைக் கட்டப் பார்ப்பதாகவே கேட்டது. 1966இல் உணவுப் போராட்டம் மாநிலமெங்கும் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1967 தேர்தலில் மேற்கு வங்கத்தில் காங்கிரஸ் முதன்முறையாக ஆட்சியை இழந்தது; ஆராம்பாக் தொகுதியில் அஜய் முகர்ஜியிடம் சென்னும் தோற்றார்.